மூடி இல்லாத பிளாஸ்க்

இராமநாதபுரம் ஜில்லா, சிவகாசி டவுன் போலீஸ் ஸ்டேஷனில், 1964ஆம் வருடம் ஜூன் மாதம் 23ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 11.15 மணிக்கு, சப்–இன்ஸ்பெக்டர் சீனிவாசகம் முன்னிலையில் ராஜசிங் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் ராஜசிங். தகப்பனார் பெயர் பொன்ராஜ், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். எனக்கு வயது முப்பத்திரண்டு. சிவகாசி கீழத் தெருவில் பதினான்காம் நம்பர் வீட்டில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. லித்தோ அச்சுக் கம்பெனி ஒன்றில் மெஷின் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். தமிழ், இங்கிலீஷ், ஜெர்மன் மூன்றும் எழுதப் படிக்கத் தெரியும். எந்த வழக்கிலும் இதுவரை சம்பந்தப்பட்டதில்லை. ஒரே ஒரு முறை வெளிநாட்டுப் போலீஸிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் நான் சொன்ன ஒரு பதில் பொய். அதைத் திருத்துவதற்காக இப்போது இதைச் சொல்கிறேன்.

இறந்துபோன தனுஷ்கோடி என் கம்பெனியில் மெஷின்மேனாக இருந்தவன். சொந்த ஊர் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளம். அவனுடைய தகப்பனார் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். தனுஷ்கோடியும் பதினாறு வயதிலிருந்து ஆறு வருடம் அதே கம்பெனியில் வெடிகளைக் கொளுத்திச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தான். சிறு வயதில், திருவிழா முடிந்த மறுநாள் பொட்டலில் வெடிக்காமல் கிடந்த வெடி ஒன்றைக் கையில் எடுத்ததில் அவனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. கல்யாணத்துக்குப் பிறகு பட்டாசு வேலையை விட்டுவிட்டு எங்கள் கம்பெனியில் சேர்ந்தான். அவனுடைய மனைவி சுப்புத்தாய் இன்றும் அச்சங்குளம் கம்பெனியில் வெடிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்க்கிறார்.

1960ஆம் வருடக் கடைசியில் எங்கள் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பெரிய அச்சு மெஷின் வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க வந்த ஜெர்மன்காரர் எட்டு மாதம் சிவகாசியில் தங்கினார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் என்னை அவரோடு விட்டார்கள். அவரிடம்தான் ஜெர்மன் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு கம்பெனியார் இரண்டாவது மெஷினுக்கு ஆர்டர் கொடுத்து, அதை ஓட்டப் பழகுவதற்காக என்னையும் தனுஷ்கோடியையும் 1962 மார்ச்சில் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அப்போது சுப்புத்தாய்க்கு இரண்டு மாதம். அவனுக்கு ஜெர்மன் கடைசிவரை வரவில்லை. ரொட்டி, தண்ணீர், நன்றி, நாளைக்கு என்ற நான்கு வார்த்தைகள் தெரியும். மற்றதெல்லாம் என் மூலமாகத்தான்.

நவம்பர் மாதம் பயிற்சி முடிந்தது. புது மெஷின் கப்பலில் ஏற ஏப்ரல் கடைசி ஆகும், அதோடு சேர்ந்து வந்தால் போதும் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இடையில் ஐந்து மாதம் வேலை இல்லை. நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரரின் தம்பி ஆஸ்திரியாவில் ஹோகன்மாட் என்ற மலையூரில் ஓட்டல் வைத்திருந்தார். பனிக்காலத்தில் பல நாடுகளிலிருந்தும் ஜனங்கள் அங்கே வந்து, காலில் நீளமான மரப் பலகைகளைக் கட்டிக்கொண்டு மலைச் சரிவில் சறுக்கி விளையாடுவார்கள். ஓட்டலுக்கு ஆள் தேவைப்பட்டது. டிசம்பர் 8ஆம் தேதி இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தனுஷ்கோடி குனிந்து ஒரு பிடி பனியை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான். “ஏலே வாத்தியாரு மவனே, உப்பளம்னுல்ல நெனச்சேன். கரிக்கவே இல்லையே” என்றான். என்னைவிட நான்கு வயது இளையவன்தான். ஆனாலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

முதலில் எனக்குச் சாப்பாட்டு மேஜையில் பரிமாறும் வேலையும், அவனுக்குப் பாத்திரம் கழுவி வாசல் பனியை அள்ளும் வேலையும் கொடுத்தார்கள். அவர்களும் அந்த மாதங்களை சீசன் என்றுதான் சொன்னார்கள். தனுஷ்கோடிக்கு அது வேடிக்கையாக இருந்தது. “மழை பேஞ்சா நமக்கு அடுப்பு எரியாது. இது பேயலேன்னா இவுகளுக்கு எரியாது. அம்புட்டுத்தான் வித்தியாசம்” என்று பாத்திரம் கழுவுகிற பெண்களிடம் தமிழிலேயே சொல்வான். அவர்கள் சிரிப்பார்கள். என்ன சொன்னான் என்று என்னைக் கேட்பார்கள். நேரம் இருந்தால் சொல்வேன்.

அந்த ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. பெய்த பனி மேல்சரிவில் கனமாகச் சேர்ந்துகொண்டால் தானாகப் பெயர்ந்து கீழே சறுக்குகிறவர்களை மூடிவிடும். அதற்காகப் பனி பெய்த மறுநாள் காலையில், ஜனங்கள் வருவதற்கு முன்னால், மேலே போய் வெடி வைத்து வேண்டுமென்றே அந்தப் பனியை இறக்கிவிடுவார்கள். ஆட்களை மலைக்கு ஏற்றும் கம்பி நாற்காலிக் கம்பெனியார் இதைச் செய்தார்கள். இதற்குத் தலைவர் அலோய்ஸ் என்பவர். அவர் ஓட்டலுக்குச் சாப்பிட வருவார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், தனுஷ்கோடியின் விரல்களைப் பார்த்துவிட்டு எப்படிப் போனது என்று என்னிடம் கேட்டார். நான் எங்கள் ஊர் பட்டாசு ஊர் என்றும், இவன் வெடிமருந்தில் பிறந்து வளர்ந்தவன் என்றும், திரியை முகர்ந்து பார்த்தே எத்தனை விநாடி எரியும் என்று சொல்லிவிடுவான் என்றும் சொன்னேன். தனுஷ்கோடி அப்படி எதுவும் சொல்லவில்லை. “என்னலே சொன்ன, அந்தாளு என்னைய மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்காரு?” என்று கேட்டான். “ஒன்னைப் பத்திப் பெருமையாத்தான் சொன்னேன்” என்றேன். சமையலறையை விட்டு வெளியே போக வேண்டும் என்ற ஆசை எனக்குத்தான் இருந்தது. அவனை எடுத்தால் மொழிக்காக என்னையும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அப்படியே நடந்தது. 1963 ஜனவரி 7ஆம் தேதி கம்பி நாற்காலிக் கம்பெனியின் அலுவலகத்துக்கு எங்களை வரச் சொன்னார்கள். இரண்டு பக்கம் அச்சடித்த விதிகள் கொடுத்தார்கள். மொத்தம் பதினான்கு விதிகள். ஒவ்வொன்றையும் அவனுக்குப் புரியும்படி சொல்லி, அதன் பிறகு கையெழுத்து வாங்கும்படி அங்கிருந்த குமாஸ்தா என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பத் தயாரானார். மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நான் முதல் மூன்று விதிகளைச் சொன்னேன். புகை பிடிக்கக் கூடாது. வெடிமருந்தையும் திரியையும் ஒரே பையில் வைக்கக் கூடாது. தலைவர் சொல்லாமல் கொளுத்தக் கூடாது. இவ்வளவும் அச்சங்குளத்தில் உள்ளதுதான் என்று தனுஷ்கோடி சொன்னான். “மத்ததும் அதேதான். போடுலே கையெழுத்தை” என்றேன். “எங் கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு எழுதலையே” என்று சொல்லிக்கொண்டு தமிழில் கையெழுத்துப் போட்டான். கையெழுத்துக்கு மேலே, மேற்கண்ட விதிகள் அனைத்தும் எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கப்பட்டன என்று ஜெர்மனில் அச்சடித்திருந்தது. அதன் கீழே மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாவது விதி, அங்கே பயன்படுத்தும் திரி தார் பூசி உறையிட்டது, அது தண்ணீருக்குள்ளும் பனிக்குள்ளும் அணையாமல் எரியும் என்பது. பத்தாவது விதி, வெடிக்காமல் போனதன் அருகில் ஒரு மணி நேரத்துக்கு யாரும் போகக் கூடாது, அதன் பிறகும் தலைவர் மட்டுமே போக வேண்டும் என்பது. இரண்டையும் அன்று அந்த மேஜையிலேயே நான் படித்தேன். அர்த்தம் புரிந்தது. அவனுக்குச் சொல்லவில்லை. அவற்றை மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பசித்தது. குமாஸ்தா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அச்சங்குளத்தில் வழக்கம் வேறு. அங்கே எல்லாமே காய்ந்திருந்தால்தான் வேலை. ஈரம் பட்ட மருந்து செத்த மருந்து. சோதிக்கிற பொட்டலில் ஒரு வெடி வெடிக்காமல் போனால், சோதித்தவன் நூறு வரை எண்ணிவிட்டுத் தண்ணீர் கொண்டு போய் அதன் மேல் ஊற்றி, கையால் எடுத்து வாளியில் போட்டுக்கொண்டுதான் பொட்டலை விட்டு வெளியே வர வேண்டும். விட்டுவிட்டு வந்தால் பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். அப்படி விட்டுவிட்டு வருகிறவனை அந்த ஊரில் யாரும் மதிப்பதில்லை. தனுஷ்கோடி இதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறான். அதனால் இந்த இரண்டு விதிகளும் அவனுடைய வழக்கத்துக்கு நேர்மாறானவை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு ஆறு வாரம் ஒரு வெடிகூடத் தவறவில்லை. தனுஷ்கோடி திரியை அறுத்துக் கொடுப்பான், அலோய்ஸ் கொளுத்திப் போடுவார். அவன் அறுக்கிற நேர்த்தி அலோய்ஸுக்கு மிகவும் பிடித்துப்போனது. அடுத்த பனிக்காலத்துக்கு அலோய்ஸ் கனடாவில் புதிதாகத் திறக்கும் ஒரு மலையூருக்குப் போக இருந்தார். தனுஷ்கோடியைக் கூட்டிக்கொண்டு போக விரும்பினார். கூடவே நானும். நான் மலையடிவார ரயில் நிலையத்தில் ஒரு தேசப்படம் வாங்கி, ஹாம்பர்க்கில் கப்பல் ஏறி ஹாலிபாக்ஸில் இறங்கி அங்கிருந்து ரயிலில் மலை வரைக்கும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு எங்கள் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். கனடாவில் இரண்டு சீசன், அதன் பிறகு அமெரிக்கா, அதன் பிறகு ஜப்பான் என்று அவனிடம் சொன்னேன். தனுஷ்கோடி படத்தை வெகுநேரம் பார்த்தான். “இதுல அச்சங்குளம் எங்கன இருக்கு?” என்று கேட்டான். அந்தப் படத்தில் இந்தியாவே இல்லை என்றேன். “அப்ப இந்தத் தாளு எனக்கு ஆகாது” என்றான். விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 18ஆம் தேதி அவனுக்குச் சுப்புத்தாயிடமிருந்து கடிதம் வந்தது. அவர்களுக்கு அக்டோபரில் பெண் குழந்தை பிறந்திருந்தது. இருக்கன்குடியில் முடி இறக்கியாயிற்று, காது குத்துவதை மட்டும் நீங்கள் வருகிறவரை தள்ளி வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். அன்று சாயங்காலம் தனுஷ்கோடி, ஏப்ரலில் மெஷினோடு ஊருக்குப் போகிறேன், கனடாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. “நீ வரலேன்னா என்னைய எவம்லே கூப்பிடுவான்?” என்று கேட்டேன். “நீ மூணு பாஷை படிச்சவன். ஒனக்கு எங்கன போனாலும் பொழப்பு. எனக்கு எம் புள்ளைக்குக் காது குத்தணும்” என்றான். நான் எழுந்து போய்விட்டேன். இரவுச் சாப்பாட்டில் அவனோடு பேசவில்லை. மறுநாள் காலையிலும் பேசவில்லை. அவன் இரண்டு தடவை பேச்சுக் கொடுத்தான்.

19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் மூன்று நாள் விடாமல் பனி பெய்திருந்தது. காலை ஆறரை மணிக்கு அலோய்ஸ், அவருடைய ஆள் ஒருவர், தனுஷ்கோடி, நான் என நான்கு பேரும் மேலே போனோம். மேல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மரக் குடிசை ஒன்று உண்டு. அங்கிருந்து சுமார் இருநூறு கஜம் தள்ளிச் சரிவின் விளிம்பு. ஏழேகாலுக்கு அலோய்ஸ் இரண்டு வெடிகளைக் கொளுத்திப் போட்டார். திரி இரண்டு நிமிடத்துக்கு அறுத்தது. ஒரு சத்தம்தான் கேட்டது. பனி பாதிதான் இறங்கியது. அலோய்ஸ் இன்னும் மூன்று நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு என்னிடம் பின்வருமாறு சொன்னார். ஒரு மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. திரி பனிக்குள் புகைந்துகொண்டு இருக்கலாம். நாங்கள் அடுத்த முகட்டுக்குப் போய்விட்டு வருகிறோம். நீங்கள் இரண்டு பேரும் குடிசையில் இருங்கள். அவனிடம் சொல். நான், சரி என்றேன். அவர்கள் இருவரும் போய்விட்டார்கள்.

நான் குடிசைக்குள் போய் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன். தனுஷ்கோடியின் முகத்தைப் பார்க்காமல், “ஒரு மணி நேரம் இங்கன இருக்கணுமாம்” என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவன் வாசலிலேயே நின்றான். “அந்தக் கிடக்கிறதை எடுக்க வேண்டாமாலே?” என்று கேட்டான். நான் அடுப்பில் ஒரு விறகை வைத்தேன். “எட்டரைக்கு நாற்காலி ஓட ஆரம்பிச்சிரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வாரது இந்த வழிதானலே?” என்றான். அப்போது நான் சொன்னது இதுதான். “நீதான் பெரிய வெடிக்காரனாச்சே. ஒனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்?”

அவன் உள்ளே வந்தான். அதன் பிறகு தன் பிளாஸ்க்கை எடுத்தான். அதில் டீ மிச்சம் இருந்தது. அதை மூடியில் ஊற்றி என் பக்கத்தில் வைத்தான். “கோவத்தை டீ மேல காட்டாத. ஆறிப்போகும்” என்றான். அடுப்பின் மேல் பனி உருக்கிய தண்ணீர் கெட்டிலில் இருந்தது. அதைப் பிளாஸ்க்கில் நிறைய ஊற்றிக்கொண்டு வெளியே போனான். ஏன் தண்ணீர் எடுத்துப் போகிறான் என்று எனக்குத் தெரியும். பனிக்குள் கிடந்த வெடி நமுத்திருக்கும் என்றும், மேலே தண்ணீரும் ஊற்றிவிட்டால் பயமில்லை என்றும்தான் அவன் நினைத்திருப்பான். நான் எழுந்து கூப்பிட்டிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும். விளிம்புக்கு நடந்து போக, அந்தப் பனியில், பத்து நிமிடமாவது ஆகும். கூப்பிடவில்லை. அவனாகத் திரும்பி வந்து என்னிடம் கேட்கட்டும் என்று இருந்தேன். மூடியில் இருந்த டீயைக் குடித்தேன்.

ஏழு முப்பத்தாறுக்குச் சத்தம் கேட்டது. அதன் பிறகு இன்னொரு சத்தம், லாரியில் இருந்து மணல் சரிப்பது போல, நீண்ட நேரம் கேட்டது. நான் வெளியே ஓடினேன். விளிம்பில் அவனுடைய கால் தடம் போய் முடிந்திருந்தது. சரிவில் பனி இல்லை. அலோய்ஸும் கீழேயிருந்து இருபது பேரும் வந்து நீளக் கம்பிகளால் குத்திக் குத்தித் தேடினார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள். பிளாஸ்க்கின் வார் அவனுடைய வலது மணிக்கட்டில் சுற்றிக் கிடந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த ஊர்ப் போலீஸார் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டார்கள். மூன்றாவது கேள்வி, தலைவரின் எச்சரிக்கையை இறந்தவருக்கு அவருடைய மொழியில் சொன்னீர்களா என்பது. சொன்னேன் என்றேன். முழுவதும் சொன்னீர்களா என்றார்கள். முழுவதும் என்றேன். ஜனவரியில் போட்ட கையெழுத்துக் காகிதத்தை எடுத்து வந்து இதனோடு சேர்த்தார்கள். விளக்கிச் சொல்லப்பட்ட உத்தரவை மீறித் தானாகவே போனதால் மரணம் என்று எழுதி முடித்தார்கள். அலோய்ஸ் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அவனை அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் புதைத்தார்கள். தரை உறைந்து கிடந்ததால் இரண்டு நாள் கரி நெருப்புப் போட்டு இளக்கித்தான் குழி வெட்ட முடிந்தது. உங்கள் நாட்டில் என்ன வழக்கம் என்று பாதிரியார் என்னிடம் கேட்டார். அவர்கள் குடும்பத்தில் எரிப்பது வழக்கம். எரிப்பதற்கு வெகுதூரம் உள்ள பட்டணத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. புதைக்கலாம் என்று சொன்னேன்.

அதன் பிறகு சீசன் முடியும் வரை சமையலறையில் பாத்திரம் கழுவினேன். ஏப்ரல் கடைசியில் மெஷினோடு கப்பலேறி ஜூன் மாதம் ஊர் வந்து சேர்ந்தேன். கம்பெனியிலும் அதையேதான் சொன்னேன். சொல்லியும் கேட்காமல் போனான் என்றேன். அந்தச் செய்தி அச்சங்குளம் கம்பெனிக்கும் போனது. அங்கே ஃபோர்மேன் பெத்தணன், புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக் காலையில் கேட்டுக்குள் நிற்க வைத்துப் புத்தி சொல்லும்போது, “சொல்பேச்சு கேக்காதவன் கதி என்னன்னு தெரியுமால்லா? நம்ம தனுஷ்கோடியப் பாருங்க. கப்பலேறிப் போயிக்கூடத் திமிரு அடங்கல” என்று ஒரு வருடமாகச் சொல்லி வருகிறார். அதே கேட் வழியாகத்தான் சுப்புத்தாய் தினமும் வேலைக்குப் போகிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் அச்சங்குளம் பக்கம் போகவில்லை.

இந்த வருடம் மார்ச்சில் அலோய்ஸிடமிருந்து கடிதம் வந்தது. கனடாவில் கம்பி நாற்காலி வேலைக்கு மூன்று மொழி தெரிந்த ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டிருந்தார். வருகிறேன் என்று எழுதினேன். அதற்கு இந்த ஸ்டேஷனிலிருந்து நன்னடத்தைச் சான்று வேண்டும். மே மாதம் மனுக் கொடுத்தேன்.

ஜூன் 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவிலை விட்டு வெளியே வந்தபோது, சுப்புத்தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய கையில் ஒரு காகிதம் இருந்தது. தனுஷ்கோடியின் சாமான்களோடு போன வருடம் தூதரகம் வழியாக வந்தது. ஜெர்மனில் டைப் அடித்தது. “அண்ணே, நீங்க தூர தேசம் போறீகன்னு சொன்னாக. போறதுக்கு முந்தி இதை வாசிச்சுச் சொல்லிட்டுப் போங்க. இந்த ஊர்ல வேற ஆளு கிடையாது” என்றார்.

வாசித்தேன். இறந்தவரின் உடம்பில் இருந்தவை என்று தலைப்பு. கம்பளிச் சட்டை ஒன்று. தோல் பூட்ஸ் ஒரு ஜோடி. கையுறை ஒன்று. கடிதம் ஒன்று, தமிழில் எழுதியது. பிளாஸ்க் ஒன்று, மூடி இல்லை. அந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார்.

“பிளாஸ்க்குல என்ன இருந்துச்சுண்ணே?”

“டீயா இருக்கும்” என்றேன்.

“டீ கொண்டு போனா மூடி இல்லாம எதுல ஊத்திக் குடிப்பாக?”

நான் தெரியாது என்றேன். அவர் அங்கேயே நின்றார். குழந்தை என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடித்து இழுத்தது. இரண்டு காதிலும் துளை இல்லை.

“அது தண்ணி அண்ணே” என்றார். “வெடிக்காததை எடுக்கப் போறவுகதான் தண்ணி கொண்டு போவாக. ஆறு வருசம் அதைத்தான் செஞ்சாக. தொடாதேன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா அவுக தொட மாட்டாக. ரெண்டு விரலு போன ஆளுண்ணே அவுக. நீங்க சொன்னீகளா, சொல்லலையா? அதை மட்டும் சொல்லுங்க.”

நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நான் போய்விட்டேன்.

20ஆம் தேதி என் சான்று விஷயமாக விசாரிக்க கான்ஸ்டபிள் கம்பெனிக்கு வந்திருக்கிறார். அதைக் கேள்விப்பட்டு நேற்று சுப்புத்தாய் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, ராஜசிங் மேல் வழக்குப் போட வேண்டாம், அவருக்குச் சான்று கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இன்று காலை சப்–இன்ஸ்பெக்டர் அவர்கள் என்னை வரவழைத்து அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அதற்கு என் பதில், தலைவர் சொன்ன எச்சரிக்கை தனுஷ்கோடிக்குச் சொல்லப்படவில்லை, அவன் எந்த உத்தரவையும் மீறவில்லை என்பது. அவனுக்குத் தெரிந்த ஒரே முறைப்படி, சறுக்க வரும் பிள்ளைகள் கையில் அது கிடைத்துவிடக் கூடாது என்றுதான் போனான்.

அந்தப் பிளாஸ்க்கின் மூடி என்னிடம் இருக்கிறது. போலீஸார் குடிசையைப் பார்வையிட வருவதற்கு முன்னால் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஊருக்கும் கொண்டு வந்தேன். வீட்டில் பெட்டிக்குள் இருந்தது. பச்சை நிறம், உள்பக்கம் டீக் கறை உள்ளது. அதை இப்போது இந்த ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறேன். விசாரணை முடிந்ததும் அது சுப்புத்தாயிடம் சேர வேண்டும்.

நன்னடத்தைச் சான்று கேட்டுக் கொடுத்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகலை ஹோகன்மாட் போலீஸாருக்குத் தூதரகம் வழியாக அனுப்பவும், அச்சங்குளம் கம்பெனி கேட்டில் ஃபோர்மேன் பெத்தணன் முன்னிலையில் ஒரு நாள் காலையில் படிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்புவதானால் அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும்.

இதைப் படித்துக் காட்டும்போது சுப்புத்தாயும் வரவழைக்கப்பட்டு உடன் இருந்தார். அவன் எந்த உத்தரவையும் மீறவில்லை என்ற இடம் வந்ததும், அந்த வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள்.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்ன இவையெல்லாம், எனக்குத் தெரிந்த மொழியில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு வரியும் விடாமல் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. கேட்டேன். புரிந்தது. உண்மை.

(ஒப்பம்) ராஜசிங்